சால்ட்டேஷன் என்ற சொல்லுக்கு எட்டிம்ஆன்லைன் போதுமா?

அறிவியல் கட்டுரைகளை மொழிபெயர்ப்பவர்களும் வகுப்பில் பாடம் நடத்துபவர்களும் என்றாவது ஒருநாள் சால்ட்டேஷன் (saltation) என்ற ஆங்கிலச் சொல்லில் வந்து முட்டிக்கொள்வார்கள். புவியியலில் அது காற்றோ நீரோ அடித்துக்கொண்டு போகும் மணலின் துள்ளல். நரம்பியலில் கணுவுக்குக் கணு தாவும் துடிப்பு. பரிணாமவியலில் ஒரே எட்டில் புதிய இனம் தோன்றுவது. விலங்கியலில் கங்காருவும் வெட்டுக்கிளியும் நகரும் முறை. பழைய நூல்களில் நடனம். ஒரே சொல் இத்தனை துறைகளில் எப்படிப் புகுந்தது, எந்தத் துறையில் எந்தப் பொருள் என்று தெரிந்துகொள்ள, இணையத்தில் பெரும்பாலோர் முதலில் திறப்பது எட்டிம்ஆன்லைன் தளத்தை. அந்தத் தளத்தை இந்த ஒரு சொல்லை வைத்து உரசிப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு, இலவசமாகக் கிடைப்பவற்றில் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சொல் இன்று என்ன செய்கிறது என்பதற்கு இது போதவே போதாது. அதற்குக் கூடவே இரண்டு அகராதிகளும் துறைசார்ந்த ஒரு நூலும் வேண்டும். இந்த எல்லை தெரியாமல் பயன்படுத்துவதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன.

டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்து வளர்த்துவரும் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி இது. தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டினால் போதும், பதிவு வந்து நிற்கும். சால்ட்டேஷனுக்கான பதிவு சில வரிகள்தான். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் விஷயம் இருக்கிறது. முதலில் 1620கள் என்ற காலக்குறிப்பு. பிறகு லத்தீனில் நடனத்தைக் குறித்த சல்தாத்தியோ. அது பிறந்த வினை சல்தாரே. அந்தச் சல்தாரே, குதித்தலைக் குறிக்கும் சலீரே என்ற வினையிலிருந்து வந்த அடுக்கு வினை என்ற குறிப்பு. கடைசியில், மேலும் அறிய சேலியன்ட் என்ற சொல்லைப் பார்க்கச் சொல்லும் இணைப்பு.

காலக்குறிப்பை எப்படி வாசிப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். 1620கள் என்றால் ஆங்கிலத்தில் இன்று நமக்குக் கிடைக்கிற எழுத்துச் சான்றுகளில் பழையது அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்றுதான் பொருள். சொல் அப்போதுதான் பிறந்தது என்பதல்ல. அதைவிட முக்கியமாக, அது ‘குதித்தல்’ என்ற பொதுப் பொருளுக்கான காலம். மணல் துள்ளலுக்கோ நரம்புத் துடிப்புக்கோ அந்த ஆண்டைப் போட்டுவிடக் கூடாது. அவை இருபதாம் நூற்றாண்டு வரவுகள்.

அடுக்கு வினை என்ற குறிப்பு சின்னதாகத் தோன்றும். ஆனால் கதவைத் திறக்கும் சாவி அதுதான். லத்தீனில் ஒரு வினையின் இறந்தகால எச்ச அடியை எடுத்து, அதிலிருந்து இன்னொரு வினையைக் கட்டுவார்கள். திரும்பத் திரும்பச் செய்வது, விடாமல் செய்வது என்ற சாயல் அதில் ஏறும். பாடுவதற்கு கனெரே, அதிலிருந்து கன்தாரே. எறிவதற்கு யகெரே, அதிலிருந்து யக்தாரே. அதே வார்ப்பில் சலீரேயிலிருந்து சல்தாரே. ஒருமுறை குதித்தால் சலீரே; குதித்துக்கொண்டே இருந்தால் சல்தாரே. விடாமல் குதிப்பது தாளத்தோடு சேர்ந்தால் நடனம். செவ்வியல் லத்தீனில் சல்தாரே என்றால் பெரும்பாலும் ஆடுவதுதான். கி.மு. 63இல் முரேனா என்பவருக்காக நீதிமன்றத்தில் வாதாடிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, தெளிந்த புத்தியோடு யாரும் ஆடமாட்டார்கள், பைத்தியம் பிடித்திருந்தால் ஒழிய, என்ற கருத்தில் பேசுமிடத்தில் கையாளும் வினை இதுவே. துள்ளலைத் தனியாகச் சொல்ல அவர்களிடம் சல்துஸ் என்ற பெயர்ச்சொல் இருந்தது.

எட்டிம்ஆன்லைனின் முதல் இடைவெளி இங்கேதான். நடனத்தைக் குறித்த லத்தீன் சொல் ஆங்கிலத்தில் ஏன் துள்ளலாக வந்து இறங்கியது என்பதை அந்தச் சில வரிகளால் விளக்க முடியவில்லை. லத்தீனுக்குப் பிறந்த மொழிகளைப் பார்த்தால் விடை தெளிவாகத் தெரிகிறது. இத்தாலியனில் சல்தாரே, ஸ்பானியத்தில் சல்தார், பிரெஞ்சில் சோத்தே, மூன்றுக்கும் இன்று குதிப்பது என்றே பொருள். ஸ்பானியத்தில் வெட்டுக்கிளியின் பெயரே மலை தாண்டி என்ற பொருளில் சல்தமோன்தேஸ். சல்தாரே துள்ளலை எடுத்துக்கொண்டதால் மூல வினையான சலீரே வேறு வேலைக்குப் போய்விட்டது: இத்தாலியனில் ‘மேலே ஏறு’, ஸ்பானியத்தில் ‘வெளியே போ’. துள்ளல் என்ற பொருள் மக்கள் பேச்சில் ஒருபோதும் அறுபடவில்லை. இலக்கிய லத்தீன்தான் அதை நடனத்தின் பக்கம் அதிகம் சாய்த்துவிட்டது.

இந்த இடைவெளியை அடைக்க லூயிஸ்-ஷார்ட் லத்தீன் அகராதி தேவை. 1879இல் வெளிவந்த பழைய நூல்தான். ஆனால் பெர்சியஸ் தளத்திலும் லோகியோன் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த ஆசிரியர், எந்த இடத்தில் எழுதினார் என்று மேற்கோளோடு தருவதால், எட்டிம்ஆன்லைன் சொன்னதைச் சரிபார்க்க இதுவே கைகண்ட வழி. லோகியோனில் இன்னொரு வசதி, கிரேக்க அகராதிகளும் அதே பெட்டியில் கிடைக்கும்.

அங்கே தேடும்போது இரண்டு பள்ளங்கள் உண்டு. சலீரேயின் அகராதி வடிவமான சலியோ என்று தட்டினால் இரண்டு தலைச்சொற்கள் குறுக்கே வரும். ஒன்று குதிப்பது. மற்றொன்று உப்பிடுவது, உப்பைக் குறிக்கும் சால் என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவே கிடையாது. சால்ட்டேஷனில் உப்பு இருப்பதாக நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். இரண்டாவது பள்ளம் சல்துஸ். துள்ளல் ஒரு சல்துஸ். காட்டு மேய்ச்சல் நிலம், மலைக் கணவாய் இன்னொரு சல்துஸ். வடிவம் ஒன்றுதான், பொருள் வேறு. அகராதி இரண்டையும் எண் போட்டுப் பிரித்திருக்கும். முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

இனி எட்டிம்ஆன்லைனின் உண்மையான பலத்துக்கு வருவோம். சேலியன்ட் பதிவிலிருந்து வேர்ப் பக்கத்துக்குப் போகலாம். அங்கே செல் என்ற வேர், முன்னால் நட்சத்திரக் குறியோடும் பின்னால் 4 என்ற எண்ணோடும் நிற்கும். நட்சத்திரக் குறி என்றால் எந்த எழுத்துச் சான்றிலும் இல்லாத, ஒப்பீட்டால் மீட்டெடுத்த வடிவம் என்று பொருள். 4 என்பது ஒரே ஒலியுள்ள வேறு வேர்களிலிருந்து இதைப் பிரிப்பதற்கான வரிசை எண் மட்டுமே. நான்காவது பொருள் என்று வாசிக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் அணிவகுக்கும் குடும்பம் அசத்துகிறது. அசால்ட், இன்சல்ட், ரிசல்ட், எக்ஸல்ட், டிசல்டரி, ரெசிலியன்ஸ், சாமர்சால்ட் எல்லாம் உடன்பிறப்புகள்.

இதில் சிலவற்றில் ‘சல்ட்’ என்றும் சிலவற்றில் ‘சில்’ என்றும் வருவதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். காரணம் எளிது. முன்னொட்டு சேரும்போது பழைய லத்தீனில் நடு அசையின் உயிர் நலிந்துவிடும். சல்தாரேயோடு முன்னொட்டு சேர்ந்தால் அ, உ ஆகிறது: இன்சுல்தாரே, ரெசுல்தாரே. சலீரேயோடு சேர்ந்தால் அதே அ, இ ஆகிறது: ரெசிலீரே. ஆகவே, ஒருவர்மேல் பாய்வது இன்சல்ட், பின்னோக்கித் துள்ளி வருவது ரிசல்ட், அடிபட்டும் எழும்பித் துள்ளுவது ரெசிலியன்ஸ். டிசல்டரி இன்னும் சுவையானது. ரோமானியக் குதிரைக் காட்சிகளில் ஓடும் குதிரையிலிருந்து பக்கத்தில் ஓடும் குதிரைக்குத் தாவும் வீரனுக்கு தேசுல்தோர் என்று பெயர். ஒன்றில் நிலைக்காமல் தாவித் தாவிப் பேசுவதற்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. உயிரொலி மாறும் இந்த விதியைத் தளம் எங்கும் ஓரிடத்தில் சேர்த்து விளக்குவதில்லை; பதிவுகளை வரிசையாகப் படித்து நாமேதான் பிடிக்க வேண்டும். வேர்ப் பக்கத்தின் தலையில் இரண்டு வரி சேர்த்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும்.

கிரேக்கக் கிளையில் சொல்லின் முதல் ச, ஹ ஆகிவிடும். லத்தீனில் செப்தெம் என்ற ஏழு கிரேக்கத்தில் ஹெப்தா ஆவதுபோல. அதனால் குதிப்பது அங்கே ஹல்லெஸ்தை, தாவல் ஹல்மா. பண்டைய கிரேக்க நீளந்தாண்டலில் வீரர்கள் இரு கைகளிலும் பிடித்துக்கொண்ட எடைகளுக்கு ஹல்தேரெஸ் என்று பெயர். ஈ, கொசுவின் பின்னிறக்கைகள் சுருங்கி, குண்டூசித் தலைபோல முனை பருத்து, பறக்கும்போது உடல் சுழல்வதை உணரும் உறுப்பாக மாறியிருக்கின்றன. பூச்சியியலார் அவற்றுக்கு ஹால்ட்டியர் என்று பெயர் வைத்தது அந்த எடைகளைப் பார்த்துத்தான். பூச்சிகளில் இந்த வேர் இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. வெட்டுக்கிளியின் இறக்கை மூட்டில் ரப்பர்போல் மீள்கிற புரதத்தைக் கண்டறிந்த டோர்க்கெல் வைஸ்-ஃபோ 1960இல் அதற்கு ரெசிலின் என்று பெயரிட்டார். ரெசிலீரேயிலிருந்து எடுத்த பெயர். தெள்ளுப்பூச்சி தாவுவதற்கு முன் ஆற்றலைச் சேமித்து வைப்பதிலும் பங்கெடுப்பது அதே புரதம்.

ஐயம் உள்ள இடத்தில் ஐயம் என்று சொல்லிவிடுவது இந்தத் தளத்தின் நற்குணம். சால்மன் மீனின் லத்தீன் பெயர் சல்மோ, துள்ளுவது என்ற வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லும் அதே மூச்சில், அதை நாட்டார் சொற்பிறப்பு என்று தள்ளுபவர்களும் உண்டு என்று குறிப்பிடுகிறது. நீர்வீழ்ச்சியில் எதிர்த்துத் துள்ளும் மீனுக்குப் பொருத்தமான கதை என்பதாலேயே அதை உறுதியென்று எழுதிவிடுவார்கள். இந்த நேர்மைக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம். சேலியன்ட் பாயின்ட் என்ற தொடரின் கதையும் இங்கே நன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அடைகாக்கும் முட்டையில் முதலில் கண்ணுக்குத் தெரியும் கருவின் இதயம், துள்ளும் புள்ளியாகத் தெரிந்தது. அரிஸ்டாட்டில் எழுதியதன் வழி வந்த அந்தத் தொடர்தான் இன்று எந்தக் கூட்டத்திலும் ‘முக்கியக் குறிப்பு’ என்று புழங்குகிறது.

துறைப் பொருள்களில்தான் தளம் கைவிடுகிறது. மற்ற அகராதிகளில் மெரியம்-வெப்ஸ்டர் பரிணாமப் பொருளை அழகாக வரையறுக்கிறது. ஆங்கில விக்சனரி, படிவியல் (மணல், வண்டல் படிவுகள் பற்றிய துறை) பொருளையும், நாடி துடிப்பது என்ற வழக்கொழிந்த பொருளையும் சேர்த்துத் தருகிறது. யாரும் திருத்தலாம் என்பதால் அங்கே திருத்த வரலாற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுவாரியாக மேற்கோள் தரும். ஆனால் முழுமையாகப் பயன்படுத்த சந்தா வேண்டும். நூலக உறுப்பினர் அட்டை மூலம் நுழைய முடிகிறதா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். பதிவு புதுப்பிக்கப்பட்டதா, பழைய பதிப்பிலிருந்து அப்படியே வந்ததா என்று அதிலேயே போட்டிருக்கும், அதைக் கவனிக்க வேண்டும்.

எந்த அகராதி வரையறையையும் எடைபோட, துறைக்குள் அந்தச் சொல் செய்யும் வேலை தெரிந்திருக்க வேண்டும். மணலை எடுத்துக்கொள்வோம். ஆற்றுப் படிவுகள் குறித்து அமெரிக்கப் புவியியலாளர் மெக்கீ 1908இல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பெர்க்லியில் ஓடை மாதிரிகளை வைத்துச் சோதித்த ஜி.கே. கில்பர்ட், 1914இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் வெளியிட்ட அறிக்கையில் அதை நிலைநிறுத்தினார். பாலைவனக் காற்றுக்கு அதை முழு இயற்பியலாக வளர்த்தவர் ரால்ஃப் பேக்னால்ட். அவர் நூல் 1941இல் வந்தது. காற்றில் துகள் மூன்று வகையில் நகரும். சுமார் 0.07 மில்லிமீட்டருக்குக் கீழான தூசி மிதந்து போகும். அதற்கும் 0.5 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட மணல் துள்ளும். அதைவிடப் பருமனானது தரையோடு ஊரும். துள்ளும் மணி செங்குத்தாக எழும்பி, காற்று தள்ளத் தள்ள நீண்ட வளைவில் போய், 10 முதல் 15 பாகை வரையிலான தாழ்ந்த கோணத்தில் வந்து மோதும். மோதும்போது வேறு மணிகளைத் தெறிக்கவைக்கும். அதனால்தான் ஒருமுறை துள்ளல் தொடங்கிவிட்டால், தொடங்க வேண்டிய காற்று வேகத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் இருந்தாலே தொடர்ந்து ஓடும்.

ஒரு வரையறை நல்லதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். துகள் தரைக்குத் திரும்புகிறது என்று சொல்கிறதா? மிதப்பதிலிருந்தும் ஊர்வதிலிருந்தும் பிரிக்கிறதா? காற்று, நீர் இரண்டையும் சேர்க்கிறதா? மூன்றாவதில் ஒரு நுணுக்கம் உண்டு. குவார்ட்ஸ் மணல் காற்றைவிடச் சுமார் 2,200 மடங்கு அடர்த்தி, நீரைவிட 2.65 மடங்குதான். ஆகவே நீருக்குள் துள்ளல் துகளின் விட்டத்தைப்போல் சில மடங்கு உயரமே இருக்கும்; மோதித் தெறிக்கவைக்கும் வேகமும் அதற்கு வராது. காற்றில் உள்ள பெருந்துள்ளலை அப்படியே ஆற்றுக்குப் பொருத்தி எழுதுவது அடிக்கடி காணும் பிழை. இன்னொன்று, தூசி மெலிதாக இருப்பதால் எளிதில் கிளம்பும் என்று எழுதுவது. மெல்லிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் காற்றால் நேரடியாகக் கிளப்புவது கடினம். சுமார் 0.1 மில்லிமீட்டர் மணல்தான் மிக எளிதில் கிளம்பும். அது துள்ளி விழுந்து மோதித்தான் பெரும்பாலான தூசியைக் கிளப்பிவிடுகிறது.

நரம்பில் சொல்லின் உருவகமே ஆளைத் தவறான இடத்துக்கு இழுக்கும். மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய ஆக்சானில், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழையில், உறை விட்டுவிட்டு இருக்கும் ரன்வியர் கணுக்களில்தான் சோடியம் வாயில்கள் நெருக்கமாக இருக்கின்றன. கணு சுமார் 1 மைக்ரோமீட்டர் நீளம். இரு கணுக்களுக்கு இடைவெளி 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை. துடிப்பு ஒரு கணுவில் எழுந்து, அடுத்த கணுவில் மீண்டும் எழுகிறது. ரால்ஃப் லில்லி 1925இல் இரும்புக் கம்பி மாதிரியை வைத்து இதை ஊகித்தார்; தசாகி 1939இல் தனி நரம்பிழையில் காட்டினார்; ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஸ்டாம்ஃப்லியும் 1949இல் அளந்து உறுதிசெய்தார்கள். கணுக்களுக்கு நடுவே எதுவும் ஆகாயத்தில் பறப்பதில்லை. ஆக்சானின் உள்திரவத்தின் வழியாக மின்னோட்டம் பரவுகிறது. ஒரு கணு முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் என்பதும் இல்லை. வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடும் துடிப்பு அரை மில்லிவினாடி நீடித்தால், அது ஒரே நேரத்தில் 30 மில்லிமீட்டர் நீளத்தை ஆக்கிரமித்திருக்கும். கணு இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 30 கணுக்கள் சேர்ந்தாற்போல் விழித்திருக்கும். தவளை படம் போட்டு ஒவ்வொரு கணுவாகத் தாவவிடும் பாடப்படங்கள் இதை மறைத்துவிடுகின்றன.

பரிணாமப் பொருளுக்கு அடித்தளம் ‘இயற்கை தாவுவதில்லை’ என்ற லத்தீன் வாசகம். லின்னேயஸ் 1751இல் எழுதிய வடிவத்தில் கடைசிச் சொல் சல்துஸ். டார்வின் 1859இல் கையாண்டது சல்தும். இரண்டும் சரியான இலக்கணமே: முன்னது பன்மை, பின்னது ஒருமை. ஒன்றை மற்றதன் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். டார்வினின் நூல் வெளிவருவதற்கு முந்தைய நாள், 1859 நவம்பர் 23இல், தாமஸ் ஹக்ஸ்லி அவருக்கு எழுதிய கடிதத்தில், இந்த வாசகத்தை இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டு தேவையில்லாத சுமையை ஏற்றிக்கொண்டீர்கள் என்று சொன்னார். பிறகு 1901 முதல் ஹியூகோ டி விரீஸ் தன் ஈவினிங் பிரிம்ரோஸ் (ஈனோத்தெரா) செடிகளைக் காட்டித் தாவல் கொள்கையை முன்வைத்தார். அவற்றில் பெரும்பாலானவை குரோமோசோம் ஒழுங்கு மாறியதன் விளைவு என்று பின்னால் தெரிந்தது. 1940இல் மரபியலாளர் கோல்ட்ஷ்மிட் தாவல் கொள்கையை மீண்டும் எழுப்பினார், ஏற்பு கிடைக்கவில்லை. தாவரங்களில் குரோமோசோம் தொகுதி இரட்டித்தால் மட்டும் உண்மையிலேயே ஓரிரு தலைமுறையில் புதிய இனம் பிறக்கலாம். 1920களில் கார்ப்பெசென்கோ முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலந்து, 18+18 ஆக 36 குரோமோசோம் கொண்ட, விதை தரும் செடியை உருவாக்கினார்.

இங்கே மெரியம்-வெப்ஸ்டர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. தொல்லுயிரியலாளர்கள் எல்ட்ரெட்ஜும் கூல்டும் 1972இல் சொன்ன விட்டுவிட்டு நிகழும் பரிணாமத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் சொன்ன ‘திடீர்’, பாறை அடுக்கில் பார்க்கும்போதுதான் திடீர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் அதற்குள் அடங்கும். சால்ட்டேஷன் என்பது ஒரே படி.

பெயரடையில்தான் எந்த அகராதியும் வெளிப்படையாக எச்சரிக்காத சிக்கல் இருக்கிறது. துறைக்கு ஒரு வால், அதாவது விகுதி. நரம்புக்குச் சால்ட்டேட்டரி. வெட்டுக்கிளியின் பருத்த பின்தொடைக் காலுக்குச் சால்ட்டடோரியல். பரிணாமத்துக்குச் சால்ட்டேஷனல். துள்ளும் மணலுக்கு, பெயர்ச்சொல்லிலிருந்து பின்னோக்கி உருவாக்கிய சால்ட்டேட் என்ற வினை. பிரசவ அறையில் கருவின் இதயத்துடிப்பு வரைபடம் நிமிடத்துக்கு 25 துடிப்புக்கு மேல் ஏறி இறங்குவது 30 நிமிடத்தைத் தாண்டினால், அதுவும் சால்ட்டேட்டரி. தாவும் சிலந்திக் குடும்பத்துக்கு சால்டிசிடே என்று பெயர் இருந்தாலும் அதன் காலைச் சால்ட்டடோரியல் என்று எழுதினால் சரிவராது. அதற்குப் பருத்த தொடை கிடையாது, உடல் திரவத்தின் அழுத்தத்தால் காலை நீட்டித் தாவுகிறது. எட்டிம்ஆன்லைனும் இந்த வால்களில் எது எந்தத் துறைக்கு என்று பிரித்துத் தராது.

தேடும்போது தானியங்கித் திருத்தம் இந்தச் சொல்லைச் சால்யுடேஷன், சால்வேஷன் என்று மாற்றிவிடும். முன்னது நலத்தைக் குறிக்கும் சலூஸ், பின்னது அதன் உறவான சல்வுஸ் என்ற வேறு சொற்களின் பிள்ளைகள். பழைய நூல்களை ஸ்கேன் செய்த கோப்புகளிலும் இதே குழப்பம் இருப்பதால், எண்ணிக்கைக்காகத் தேடுபவர்கள் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்தே கணக்கில் சேர்க்க வேண்டும். சொல்லை மட்டும் போடாமல் மணல், கணு, இனம் என்று துறைச்சொல் ஒன்றையும் சேர்த்துத் தேடினால் பாதி வேலை மிச்சம்.

தமிழில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுவது வசதியாகத் தெரியும். ஆனால் நாம் விரும்புவது பிரித்து எழுதுவதைத்தான். மணலுக்குத் துள்ளல், நரம்புக்குத் தாவு கடத்தல், பரிணாமத்துக்குப் பாய்ச்சல், கால்களுக்குத் தாவுகால் என்றால் வாசிப்பவருக்கு உடனே துறை பிடிபடும். மூலச்சொல் ஒன்றுதான் என்பதை முதல் இடத்தில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுபவர்களுக்கு ஒன்று. எட்டிம்ஆன்லைன் பதிவுகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி மற்ற அகராதிகளிலிருந்து திரட்டித் தொகுத்தது. ஆகவே பார்த்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில முதற்சான்றுக்கு ஆக்ஸ்போர்டையும் லத்தீன் பொருளுக்கு லூயிஸ்-ஷார்ட்டையும் அடிக்குறிப்பில் கொடுங்கள். மணலுக்கும் நரம்புக்கும் மேலே சொன்ன ஆண்டுகளின் மூல வெளியீடுகளையே நேராகக் காட்டுங்கள்.